வீட்டு விசேஷத்தில் எடுத்த படம் சரியாக வரவில்லையா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழிகள்

பிறந்தநாள், வளைகாப்பு, நிச்சயதார்த்தம் எல்லாம் பெரும்பாலும் வீட்டு ஹாலிலோ நூறு பேர் கொள்ளும் மினி ஹாலிலோதான் நடக்கின்றன. சொந்தத்தில் யாரிடம் கேமரா இருக்கிறதோ அவர் கையில்தான் அன்றைய படங்கள். அவரிடம் இருப்பது கேமராவோடே வரும் 18-55 கிட் லென்ஸ் போட்ட ஆரம்பநிலை கேமரா, அல்லது ஒரு போன். மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதிப் படம் கலங்கியிருக்கும், மீதியில் முகம் மஞ்சளாக இருக்கும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் இப்படிப் படங்களைக் கொண்டுவந்து "இது ஏன் இப்படி?" என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்ததில் திரண்டதுதான் கீழே இருப்பது. உங்கள் படத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில்.

## எதற்கும் முன்: இந்த செட்டிங்கில் தொடங்குங்கள்

மோட் டயலை கேனானில் 'டிவி', நிக்கானிலும் சோனியிலும் 'எஸ்' என்பதில் வையுங்கள். ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) 1/125 நொடி. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோ, உச்சவரம்பு 3200. கொஞ்சம் புதிய கேமரா என்றால் 6400. லென்ஸ் துவாரத்தைத் திறப்பதையும் ஐஎஸ்ஓவை ஏற்றுவதையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். உங்கள் பிடியில் இருக்க வேண்டியது ஷட்டர் மட்டும். ரா (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு), ஜேபெக் (வழக்கமான படம்) இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வைத்துவிடுங்கள். நிறக் கோளாறில் பாதியைப் பிறகு ராவிலிருந்தே மீட்டுவிடலாம்.

விருந்தினர் வருவதற்கு முன் இன்னொரு வேலை. உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஹாலில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ரேகைகள் பளிச்சென்று, மென்மையான நிழலோடு தெரியும் இடம் எதுவோ அங்கேதான் கேக் மேஜையோ வளைகாப்பு நாற்காலியோ இருக்க வேண்டும். காலையிலேயே சொன்னால் வீட்டுக்காரர்கள் நாற்காலியை இரண்டடி நகர்த்தித் தருவார்கள். அலங்காரம் முடிந்த பிறகு கேட்டால் நடக்காது. இந்த இரண்டடிக்கு நான் கொடுக்கும் மதிப்பை எந்த லென்ஸுக்கும் கொடுக்க மாட்டேன்.

## கோளாறு 1: படம் கலங்கியிருக்கிறது

வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான். எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல. கேமராவில் படத்தை முழுக்கப் பெரிதாக்கி எது கலங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

### சுவர், நாற்காலி, முகம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால்

கை ஆடியிருக்கிறது. படத்தின் விவரத்தில் ஷட்டர் எவ்வளவு என்று பாருங்கள். 1/30, 1/20 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஆட்டோ மோடில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுத்தால் கேமரா இப்படித்தான் இறங்கும்.

பார்க்க வேண்டியவை வரிசையாக: லென்ஸின் பக்கவாட்டில் ஐஎஸ் அல்லது விஆர் (கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அது ஆனில் இருக்கிறதா? முழங்கை இரண்டும் விலாவை ஒட்டியிருக்கின்றனவா? தூணிலோ சுவரிலோ தோளைச் சாய்த்துக்கொள்ள இடம் உண்டா? ஜூமை 55-க்கு இழுத்திருக்கிறீர்களா? அந்த முனையில் 1/80-க்குக் கீழே போகாதீர்கள். அதோடு, கிட் லென்ஸ் 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). 55-க்குப் போனால் எஃப் 5.6தான். ஜூம் செய்த கணத்திலேயே வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஜூமை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் நடந்து போவதுதான் இதற்கு வழி.

### சுவரும் நாற்காலியும் தெளிவு, ஆட்கள் மட்டும் கலங்கல் என்றால்

கை ஆடவில்லை, அவர்கள் அசைந்திருக்கிறார்கள். ஐஎஸ் இதற்கு எதுவும் செய்யாது, ட்ரைபாடும் செய்யாது. ஷட்டரைத்தான் ஏற்ற வேண்டும். உட்கார்ந்து பேசுபவர்களுக்கு 1/125 போதும். வளையல் அடுக்கும் கைகளுக்கு 1/200 வேண்டும். ஓடும் குழந்தைகளுக்கும் ஆட்டத்துக்கும் 1/250, முடிந்தால் 1/320.

வெளிச்சம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் நேரம் பார்த்து அழுத்துங்கள். எந்த அசைவுக்கும் ஒரு கணம் நிற்கும் இடம் உண்டு. வளைகாப்பில் வளையலை மணிக்கட்டு தாண்டித் தள்ளும்போது கை வேகமாகப் போகும். தள்ளி முடித்ததும் அந்த அம்மா நிமிர்ந்து பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். கை அப்போது வளையல் மேலேயே நிற்கும், முகமும் கேமராவுக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குக் காத்திருந்தால் 1/80-இல்கூடத் தெளிவாக வரும். சந்தனம் பூசும்போதும் அப்படித்தான்: விரல் கன்னத்தைத் தொட்ட கணம் அசைவு நின்றுவிடும். தொடர்ச்சியாக மூன்று நான்கு ஷாட் விடுவதும் உதவும். நடுவில் ஒன்றாவது தேறும்.

### பின்னால் இருக்கும் பூ அலங்காரம் தெளிவு, முகம் மங்கல் என்றால்

ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டுவிட்டால், கோடுகளும் நிறமாறுதல்களும் அதிகமாக இருக்கும் பொருளைத்தான் அது பல நேரம் பிடிக்கும். சீரியல் லைட்டும் பூத்தோரணமும் பின்னால் இருந்தால் முகத்துக்கு வாய்ப்பில்லை. நடுப் புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதைக் கண்ணின் மேல் வைத்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, பிடித்தபடியே ஃபிரேமைச் சரிசெய்து முழுக்க அழுத்துங்கள். மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) என்றால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை ஆன் செய்தால் போதும்.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்து ஃபோகஸ் பிடிக்காமல் போனால், புள்ளியை வெறும் கன்னத்தில் வைக்காதீர்கள். நெற்றிப் பொட்டு, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, புடவை பார்டர் என்று கோடு தெரியும் இடத்தில் வையுங்கள். கேட்கவே அற்பமாக இருக்கும் இன்னொன்று: லென்ஸில் இருக்கும் சுவிட்ச் 'ஏஎஃப்'-இலிருந்து 'எம்எஃப்'-க்குத் தட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பையில் உரசியே அது மாறிவிடும்.

50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. முழுக்கத் திறந்து 2 மீட்டர் தூரத்தில் எடுத்தால், ஆரம்பநிலை கேமராவில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை கண் தெளிவாக இருக்கும். அரையடி பின்னால் நிற்கும் பெண் மங்கிவிடுவார். இரண்டு பேர் என்றால் எஃப் 2.8 அல்லது 4-க்கு வாருங்கள், இருவரையும் ஒரே வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.

### எல்லாமே பாலாடை படர்ந்ததுபோல் மங்கல் என்றால்

போனில் இது வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு லென்ஸ் மேல் விரல் எண்ணெய்தான். நெய்ப் பலகாரம் சாப்பிட்ட கையால் போனை எடுத்திருப்பீர்கள். சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். ஜரிகை வைத்த தலைப்பால் வேண்டாம்.

ஏசி காரிலிருந்து புழுக்கமான ஹாலுக்குள் வந்ததும் எடுத்தீர்களா? அப்படியென்றால் லென்ஸில் ஆவி படிந்திருக்கும். துடைத்தால் மறுபடி படியும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள், தானாகப் போய்விடும்.

துடைத்தும் காத்திருந்தும் போகவில்லை என்றால், லென்ஸின் பின்புறத்தில் போன் டார்ச்சை அடித்து முன்புறமாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை.

எப்போது கடைக்கு? பூஞ்சை என்றால் உடனே. லென்ஸை நீங்களே பிரிக்கக் கூடாது. திரும்பப் பூட்டும்போது கண்ணாடிகளின் இடம் நூலளவு மாறினாலும் ஒரு பக்கம் மங்கலாகிவிடும். செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கிட் லென்ஸுக்குச் சுத்தம் செய்யும் கூலியைவிடப் பழைய லென்ஸ் ஒன்று வாங்குவது மலிவாக இருக்கலாம். ஃபோகஸ் கோளாறு என்றால் முதலில் ஒரு சோதனை. பகல் வெயிலில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை மேஜையில் வைத்து 1/250-இல் எடுங்கள். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள வகை) வியூஃபைண்டர் வழியாக எடுத்த எழுத்து மங்கலாகவும், திரையைப் பார்த்து லைவ் வியூவில் எடுத்த எழுத்து தெளிவாகவும் வந்தால் ஃபோகஸ் அளவீடு விலகியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில்தான் அதைச் சரிசெய்ய முடியும். இரண்டும் தெளிவாக இருந்தால் கேமராவில் குறை இல்லை; மேலே போய் மறுபடி பாருங்கள்.

## கோளாறு 2: ஃப்ளாஷ் போட்டால் முகம் வெளுப்பு, பின்னால் இருட்டு

கேமராவின் தலையில் எழும்பும் சின்ன ஃப்ளாஷ் நேராக முகத்தில் அறைகிறது. பக்கத்தில் இருப்பவர் வெளுத்துவிடுவார். மூன்று மீட்டர் பின்னால் இருக்கும் அலங்காரத்துக்கு அந்த வெளிச்சம் எட்டாது. எண்ணெய் மினுங்கும் நெற்றி, ஜரிகை, கண்ணாடி போட்ட சாமி படம் எல்லாம் திருப்பி அடிக்கும்.

### செலவில்லாத வழி: ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஷட்டரைக் குறையுங்கள்

ஃப்ளாஷ் போட்டால் ஐஎஸ்ஓ குறைவாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஹாலுக்குள் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஃப்ளாஷ் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். பின்னணியை ஹாலின் விளக்குகள்தான் காட்ட வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓவும் மெதுவான ஷட்டரும் தேவை. டயலை 'எம்' மோடில் (எல்லா அளவையும் நீங்களே வைப்பது) வைத்து 1/60, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்குங்கள். பின்னணி இன்னும் இருட்டாக இருந்தால் 1600. ஃப்ளாஷ் மினுங்கும் நேரம் மிகமிகக் குறைவு என்பதால் 1/60-இலும் முகம் பெரும்பாலும் உறைந்து நிற்கும்.

ஃப்ளாஷ் எட்டும் தூரத்துக்கும் ஐஎஸ்ஓவே காரணம். கேமராவோடு வரும் ஃப்ளாஷின் கைடு நம்பர் (அதன் பலத்தைச் சொல்லும் எண்) சில மாடல்களில் 12, சிலவற்றில் இன்னும் குறைவு. 12 இருந்தாலும் ஐஎஸ்ஓ 100-இல், எஃப் 5.6-இல் அது சுமார் 2 மீட்டர்தான் எட்டும். ஐஎஸ்ஓ 400-இல் 4 மீட்டர், 1600-இல் 8 மீட்டர். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை ஐஎஸ்ஓ 100-இல் ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் முன்னால் இருப்பவர்களின் தலைதான் பளிச்சென்று விழும்.

முகம் வெளுப்பாகவே இருந்தால் மெனுவில் ஃப்ளாஷ் அளவை மைனஸ் 1-க்குக் குறையுங்கள். ஆட்களை சுவரை ஒட்டி நிறுத்தாமல் நாலடி முன்னால் வரச் சொல்லுங்கள். பின்னால் விழும் அந்தக் கறுப்பு நிழலும் போய்விடும். சாமி படம், கண்ணாடி அலமாரி பின்னால் இருந்தால் ஒரு பக்கமாக நகர்ந்து சாய்வாக எடுங்கள்.

ஃப்ளாஷ் மேல் டிஷ்யூ ஒட்டுவதைப் பலர் சொல்வார்கள். அது வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர மென்மையாக்காது. வெளிச்சம் வரும் பரப்பு பெரிதானால்தான் நிழல் மென்மையாகும். அதைவிட ஒரு வெள்ளைக் கல்யாணப் பத்திரிகை அட்டையை ஃப்ளாஷ் முன்னால் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தைச் சீலிங்குக்குத் திருப்புங்கள். ஐஎஸ்ஓ 1600 வைத்தால் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவர்களுக்கு இது வேலை செய்யும்.

### காசு செலவழிப்பதென்றால்: தலை திரும்பும் ஃப்ளாஷ்

கேமராவை மாற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். தலை திரும்பும் ஒரு ஸ்பீட்லைட் (கேமராவின் மேல் மாட்டும் தனி ஃப்ளாஷ்) வாங்கி, அதைச் சீலிங் பார்த்துத் திருப்பி அடியுங்கள். பத்தடி உயர வெள்ளைச் சீலிங் முழுவதும் விளக்காகிவிடும். முகத்தில் அறைவது நிற்கும், பின்னணியும் தெரியும். தலையை நேர் மேலே வைக்காமல் உங்கள் தோளுக்குப் பின்னால் சற்றுச் சாய்த்தால் கண்ணுக்குக் கீழே விழும் நிழலும் குறையும்.

வாங்கும் முன் கேமராவின் ஹாட் ஷூவை (ஃப்ளாஷ் மாட்டும் இடம்) உற்றுப் பாருங்கள். நடுவில் வட்டமான உலோகப் புள்ளி ஒன்று இருக்க வேண்டும். கேனான் 200டி மார்க் 2 போன்ற சில ஆரம்பநிலை மாடல்களில் அது கிடையாது. விலை குறைந்த மேனுவல் ஃப்ளாஷ் அதில் எரியாது. கேனானுக்கென்றே செய்த டிடிஎல் ஃப்ளாஷ் (வெளிச்ச அளவைத் தானே கணிப்பது) வேண்டும். உங்கள் கேமராவைக் கடைக்கே எடுத்துப் போய் மாட்டி அடித்துப் பார்த்து வாங்குவதுதான் நிச்சயம்.

சீலிங் இருபதடி உயரம், அல்லது கறுப்பு, அல்லது பச்சை பெயின்ட் என்றால் திருப்பி அடிக்கும் வேலை பலிக்காது. பச்சைச் சீலிங் முகத்தையும் பச்சையாக்கும். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அதன்மேல் அடியுங்கள். இல்லையென்றால் நேராகவே, அளவைக் குறைத்து, ஐஎஸ்ஓவை ஏற்றி எடுங்கள்.

எப்போது கடைக்கு? ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும் சத்தம் வந்தும் எரியவில்லை, அல்லது கருகிய வாசனை வருகிறது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுத்துவிடுங்கள். திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்; பேட்டரி இல்லாமலும் அடிக்கும்.

## கோளாறு 3: படத்தில் பாதி கறுப்பு, அல்லது கீழே வளைந்த நிழல்

பாதி கறுப்பு, நேர் விளிம்போடு: ஃப்ளாஷுக்கு ஒத்துப்போகும் வேகத்தைவிட ஷட்டர் வேகமாக ஓடியிருக்கிறது. ஆரம்பநிலை கேமராக்களில் எல்லை பெரும்பாலும் 1/200. அதற்குக் கீழே கொண்டுவாருங்கள்.

கீழே அரைவட்ட நிழல்: லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் கேமரா ஃப்ளாஷை மறைக்கிறது. கழற்றிவிடுங்கள்.

கண்ணில் சிவப்பு: ஃப்ளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால். சீலிங்கில் திருப்பி அடித்தால் வராது. வந்துவிட்டதைப் போனில் இருக்கும் எடிட்டிங் ஆப்பிலேயே நீக்கிவிடலாம்; இதற்காகப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

## கோளாறு 4: முகம் மஞ்சள், பச்சை, ஊதா

### எல்லாமே ஒரே அளவு மஞ்சள் என்றால்

ஒயிட் பேலன்ஸ் (எந்த விளக்கிலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் செட்டிங்) சரியில்லை. பல்பு படம் போட்ட செட்டிங்கில் வையுங்கள். இன்னும் நிச்சயமான வழி, வெள்ளை வேட்டியை ஃபிரேம் நிறைய எடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக அதையே காட்டிவிடுவது. நம் விசேஷத்தில் வெள்ளை வேட்டிக்குப் பஞ்சமில்லை. நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம்; நிறம் மஞ்சள் பக்கம் சாயும். ரா இருந்தால் வீட்டில் வந்தும் ஒரே சொடுக்கில் சரியாகும்.

### ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம் என்றால்

இரண்டு வகை விளக்குகள் கலந்திருக்கின்றன. நம் வீட்டு ட்யூப் லைட்டும் எல்இடி நீள விளக்கும் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அலங்காரத்துக்குப் போடும் மஞ்சள் விளக்கு 2700 முதல் 3000. எந்த ஒயிட் பேலன்ஸாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. ஏதாவது ஒரு வகையை அணைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம் இருந்தால் மஞ்சள் விளக்கை அணையுங்கள். இரவு என்றால் மஞ்சளை எரியவிட்டு ட்யூபை அணையுங்கள்.

### முழு ஊதா, முழு சிவப்பு என்றால்

மேடையோரத்தில் தரையில் வைக்கும் கலர் எல்இடி. முகத்தில் ஒரே நிறம் மட்டும் விழுந்தால் மற்ற நிறங்கள் படத்தில் பதிவே ஆகாது. ராவாலும் மீட்க முடியாது. அலங்காரம் செய்பவரிடம் கேட்டு அந்த விளக்கை முகத்திலிருந்து பின்னணிச் சீலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். "அண்ணே, கேமராவுக்கு முகம் ஊதாவா வருது, கொஞ்சம் பின்னாடி திருப்பி விடுங்க" என்றால் போதும், உடனே செய்வார்கள். முடியாவிட்டால் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முகபாவம் நன்றாக இருக்கும் படத்துக்கு அது நல்ல மீட்சி.

## கோளாறு 5: படத்தில் குறுக்கே கோடு கோடாக இருள்

எல்இடியும் ட்யூபும் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு ஒரு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான கோடுகள் அங்கேயே மறைந்துவிடும். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள். மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் ஆன் செய்யுங்கள். வீடியோவுக்கும் 25 ஃபிரேம், 1/50 என்று வைத்தால் மினுமினுப்பு அடங்கும்.

மேடையின் பின்னால் இருக்கும் எல்இடி திரையிலும், மங்கலாக்கி வைத்த கலர் விளக்கிலும் துடிப்பு வேறு வேகத்தில் இருக்கும். அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

## கோளாறு 6: முகம் கறுப்பு, பின்னால் பளிச்

ஜன்னல், எல்இடி திரை, சீரியல் லைட் ஏதாவது ஆளின் பின்னால் இருக்கிறது. கேமரா மொத்த வெளிச்சத்தையும் சராசரி பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடுகிறது. முதலில் உங்கள் இடத்தை மாற்றுங்கள்: ஜன்னல் உங்கள் முதுகுக்கோ பக்கத்துக்கோ வரட்டும். முடியாவிட்டால் பிளஸ், மைனஸ் பொத்தானில் பிளஸ் 1 அல்லது அதற்கு மேல் ஏற்றுங்கள். போனில் முகத்தை நீளமாக அழுத்திப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியனை மேலே இழுத்தால் இதே வேலை நடக்கும்.

வீடியோகிராஃபர் வந்திருந்தால் அவருடைய விளக்கு உங்களுக்கும் விளக்கு. அவரை ஒட்டி நிற்காமல் பக்கவாட்டில் தள்ளிப் போய் நில்லுங்கள். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக நல்ல வடிவம் கிடைக்கும். அவர் ஃபிரேமுக்குள் மட்டும் போய்விடாதீர்கள்.

## கோளாறு 7: புள்ளி புள்ளியாகக் கரகரப்பு

இதற்குப் பயந்துதான் பலர் ஐஎஸ்ஓவைக் குறைத்துப் படத்தைக் கலங்கடிக்கிறார்கள். கரகரப்பான தெளிவான முகத்தை வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டுவார்கள். வழவழப்பான கலங்கல் முகத்தை யாரும் மாட்டுவதில்லை. 3200 வரை தயங்காமல் போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் 4x6 அங்குலத்தில் பிரின்ட் போட்டாலும் புள்ளி கண்ணில் படாது.

படம் மிகவும் கரகரப்பாக இருந்தால் எடுக்கும்போது இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றினீர்களா என்று பாருங்கள். அப்படி ஏற்றினால் நிழல் பகுதியில் புள்ளி கூடும். எடுக்கும்போதே சரியான வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். போன் என்றால் டிஜிட்டல் ஜூமை விடுங்கள், 1எக்ஸ் லென்ஸிலேயே எடுங்கள். பெரும்பாலான போன்களில் அதன் சென்சார்தான் பெரியது.

கடைசியாக, காசு. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐவிட 9 மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே விடும். 6400-இல் எடுத்ததை 800-இல் எடுக்கலாம். ஆனால் ஆரம்பநிலை கேமராவில் அது நெருக்கமாகக் காட்டும். ஒரு ஆளை முழுசாக எடுக்கவே 4 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். சின்ன ஹாலுக்கு 35 எம்எம் எஃப் 1.8 தான் வசதி. ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## கோளாறு 8: கேக் மெழுகுவத்திப் படம் மட்டும் எப்போதும் கெடுகிறது

பாட்டுத் தொடங்கியதும் யாராவது ஓடிப்போய் எல்லா விளக்கையும் அணைப்பார். அந்த நொடியில் கேமரா ஃபோகஸ் தேடி ஓடும், ஃப்ளாஷ் தானாக எழும்பும், மெழுகுவத்தியின் நிறம் போய்விடும்.

விளக்கு அணையும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஃப்ளாஷை அணையுங்கள். 'எம்' மோடில் 1/60, லென்ஸ் முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ 3200. குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் பிடித்து, சுவிட்சை 'எம்எஃப்'-க்குத் தள்ளிப் பூட்டுங்கள். பிறகு நீங்களும் நகரக் கூடாது, கேக்கும் நகரக் கூடாது. அடுப்பங்கரை விளக்கை மட்டும் எரிய விடச் சொல்லுங்கள். கதவு வழியாக வரும் அந்தக் கொஞ்ச வெளிச்சம் சுற்றி நிற்பவர்களின் முகத்தைக் காட்டும்.

குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு சுடருக்குக் குனியும் கணம்தான் படம். அப்போது சுடர் முகத்துக்கு அரையடியில் இருக்கும், வெளிச்சம் பல மடங்கு கூடும். ஊதிய பிறகு முகம் இருட்டு. அதனால் உப்பும்போதே தொடர் ஷாட்டைத் தொடங்கிவிடுங்கள். போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள்; அது பல ஃபிரேம்களை ஒன்று சேர்ப்பதால் அசையும் குழந்தை பேய் மாதிரி இரட்டையாக விழும்.

குத்துவிளக்கு, ஆரத்திக்கும் இதே முறைதான். கைக்குழந்தையின் முகத்துக்கு அருகில் ஃப்ளாஷ் வேண்டாம். திடுக்கிட்டு அழத் தொடங்கினால் விசேஷமே நின்றுவிடும்.

## கோளாறு 9: குடும்பப் படத்தில் பின்வரிசை மங்கல், ஓரத்தில் இருப்பவர் அகலம்

பின்வரிசை மங்கினால் எஃப் 5.6 அல்லது 8-க்குப் போய், முன்வரிசைக்காரர் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். வரிசைகளுக்கிடையே இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். ஓரத்துச் சித்தி அகலமாகத் தெரிந்தால் நீங்கள் 18-இல் மிக அருகில் நிற்கிறீர்கள்; பின்னால் போய் 30-க்கு மேல் ஜூம் செய்யுங்கள். யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார் என்பது உறுதி, அதனால் ஐந்தாறு படமாவது எடுங்கள்.

## கோளாறு 10: அழுத்தினால் எடுக்க மாட்டேன் என்கிறது

ஃபோகஸ் பிடிக்காதவரை பல கேமராக்கள் ஷட்டரை விடாது. கோளாறு 1-ஐப் பாருங்கள். ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும் வரை காத்திருக்கும் கேமராக்களும் உண்டு. ஸ்பீட்லைட்டில் சாதாரண ஆல்கலைன் செல்லுக்குப் பதில் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டால் விரைவாகச் சார்ஜ் ஆகும். எட்டு செல்லாக வாங்கி நான்கை மாற்றுக்கு வையுங்கள்.

## கோளாறு 11: கார்டில் படமே தெரியவில்லை

அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேமரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கார்டைக் கழற்றி வேறு கார்டைப் போட்டு விசேஷத்தைத் தொடருங்கள். அழிந்த படம் அதன் இடத்தில் வேறு படம் எழுதப்படும் வரை பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். வீட்டில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.

படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தால் போலிக் கார்டு என்று சந்தேகப்படுங்கள். 128 ஜிபி என்று அச்சடித்து உள்ளே அதில் ஒரு பகுதிதான் இருக்கும். புதுக் கார்டை விசேஷத்துக்கு முன்பே எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளில் முழுக்க நிரப்பிப் பார்த்துவிடலாம்.

எப்போது கடைக்கு? எந்தக் கம்ப்யூட்டரும் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை, அல்லது கார்டு சூடாகிறது என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். கட்டணம் அதிகம் என்பதால் என்னென்ன படம் அதில் இருக்கிறது என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

## எந்த விசேஷத்துக்குத் தொழில்முறை போட்டோகிராஃபரைக் கூப்பிட வேண்டும்?

தாலி கட்டு, கன்னிகாதானம் போல ஒரே முறை நடப்பது எதுவானாலும். சுற்றி அத்தனை பேர் கை நீட்டும் இடத்தில் சில நொடிதான் கிடைக்கும். அதற்கு இரண்டு கேமராவும் வெளியிலிருந்து அடிக்கும் விளக்கும் உள்ள ஒருவர் வேண்டும். மேடையில் கலர் விளக்கு மட்டும்தான், சீலிங் மிக உயரம், விருந்தினர் இருநூறுக்கு மேல் என்றாலும் அப்படித்தான். அதை வீட்டாரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாளைக்கு விசேஷம் என்று இன்றைக்குச் சொன்னால் முகூர்த்த நாளில் யாரும் கிடைக்க மாட்டார்கள். அவர் மேடையில் இருக்கும்போது நீங்கள் பந்தி, சமையல்கட்டு, வாசல், திண்ணையில் உட்கார்ந்த பெரியவர்கள் பக்கம் போங்கள். அங்கே பகல் வெளிச்சம் இருக்கும், கிட் லென்ஸே போதும், அந்தப் படங்களை அவர் எடுக்கப்போவதில்லை.